வால்வு மாற்றிய பின் மறுபடி சைக்கிள் ஓடலாமா?

கேள்வி: இதய வால்வு மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து பத்து வாரங்கள் ஆகின்றன. வயது 48. வேலைக்குச் சைக்கிளில்தான் போய்வந்தேன். இனி சைக்கிளே வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். மறுபடி ஓட முடியுமா? முடியுமென்றால் எப்போது தொடங்கலாம்?

பதில்:

ஓடலாம். சைக்கிளை விற்றுவிட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனால் பத்தாவது வாரத்தில் வீதிக்கு இறங்காதீர்கள். இன்னும் ஒரு மாதமாவது பொறுத்திருங்கள். புதிய வால்வு இந்த உழைப்பைத் தாங்குமா என்றுதான் எங்களில் பெரும்பாலோர் பயப்படுகிறோம். அது தாங்கும், தாங்கவேண்டும் என்பதற்காகத்தான் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறார்கள். என் அனுபவத்தில் பயந்து நடக்கவேண்டிய விடயங்கள் வேறு இரண்டு: ஒன்று நெஞ்செலும்பு, மற்றது விழுகை.

நான் வைத்தியன் அல்லன். யாழ்ப்பாணம் கொக்குவிலில் வசிக்கிறேன், கணக்குப் பதிவு வேலை. 2023 தை மாதம், எனது 41 ஆவது வயதில், கொழும்பில் நெஞ்சைத் திறந்து, இதயத்தின் இடப்பக்க அறைகள் இரண்டுக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வை அகற்றிவிட்டு இயந்திர வால்வு பொருத்தினார்கள். நான்கு மாதங்கள் கழித்துச் சைக்கிளில் ஏறினேன், இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறேன். கீழே எழுதுவது அந்த அனுபவமும், என்னைக் கவனித்த வைத்தியர்களிடமும் இயன்மருத்துவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவையும் ஆகும். உங்களைப் பொறுத்தவரை இறுதி முடிவைச் சொல்லவேண்டியவர், உங்கள் எக்கோ (இதய ஸ்கான்) அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் வைத்தியரே.

எனக்கு நோய் வந்த வழியைச் சொன்னால் மற்றவை விளங்கும். 1993 இல் தொண்டை நோவோடு வந்த காய்ச்சல் மூட்டுகளில் இறங்கியது; வாதக் காய்ச்சல் என்றார்கள். மாதம் ஒரு பெனிசிலின் ஊசி என்று எழுதித் தந்தார்கள். 1995 ஐப்பசியில் போரால் ஊரே வெளியேறிய இடப்பெயர்வோடு அந்த ஊசி நின்றுபோனது. திரும்பி வந்த பின் அதைத் தொடரவேண்டும் என்ற நினைவு வீட்டில் யாருக்கும் இருக்கவில்லை. தொண்டையில் வரும் ஒருவகைக் கிருமியை எதிர்க்கப் புறப்படும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, இதய வால்வையும் சேர்த்துத் தாக்கிவிடுவதுதான் இந்த நோயின் இயல்பு. வால்வின் இதழ்கள் ஆண்டுக்கணக்கில் தடித்து ஒட்டிக்கொள்ள, வழி சிறிது சிறிதாகக் குறுகும். கதிரையில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. இதயம் வேகமாக அடிக்கும்போதோ, இரண்டு துடிப்புகளுக்கு இடையில் குருதி இறங்கக் கிடைக்கும் நேரம் குறைந்து, இறங்க முடியாத குருதி நுரையீரல் பக்கம் தேங்கி, மூச்சு வாங்கத் தொடங்கும். 2022 இல் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளுக்குத் திரும்பியபோது, நானும் சுன்னாகத்திலுள்ள வேலைத்தலத்துக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர் உழக்கினேன். இணுவில் தாண்டுவதற்குள் இளைத்தது. வயது போகிறது என்று எண்ணிப் பல மாதங்களைக் கடத்திவிட்டேன். அந்த வருடம் சைக்கிள் ஓடியிராவிட்டால் இந்த நோய் இன்னும் காலம் தாழ்த்தித்தான் தெரிந்திருக்கும். அதனால்தான், சைக்கிளை நோயாளிக்கு எதிரியாகப் பேசும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

இனி நெஞ்செலும்பு. நடுவே அறுத்து, வேலை முடிந்ததும் துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளால் கட்டிவிடுகிறார்கள். கம்பி பிடித்திருப்பதால் மேலே தோல் ஆறியதும் எல்லாம் ஆறிவிட்டதுபோல் தோன்றும். உள்ளே எலும்பு பொருந்த ஆறு முதல் எட்டு வாரங்கள் செல்கின்றன. பழைய பலத்துக்கு வரச் சுமார் மூன்று மாதங்கள் வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இன்னும் தாமதமாகலாம். அதுவரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, எதையும் இழுக்கவோ தள்ளவோ கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டது. கிணற்றில் தண்ணீர் அள்ளுவதை நிறுத்துவது எளிதாக இருந்தது. ஆனால் சைக்கிள் என்றால் உழக்குவது மட்டும்தான் என்று நான் எண்ணியிருந்தேன். காலால் செய்யும் வேலை நெஞ்செலும்பை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். அந்த எண்ணம் பிழை.

என்னிடம் இருப்பது அப்பாவின் பழைய ராலே. கிட்டத்தட்ட 20 கிலோ. வீட்டுப் படலையில் ஒரு படி உண்டு. உள்ளே கொண்டுவர முன்சில்லைத் தூக்கிவைத்துப் பின்சில்லையும் தூக்கவேண்டும். நிறுத்துவதற்கு ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் சீற்றையும் பிடித்து, முழுச் சைக்கிளையும் பின்னுக்கு இழுத்து ஸ்ராண்டில் ஏற்றவேண்டும். ரயருக்குக் கைப்பம்பால் காற்றடிக்கவேண்டும். ஏறும்போது பாருக்கு மேலால் காலைப் போட்டு, ஹாண்டிலை நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டே முதல் மிதி மிதிக்கவேண்டும். இவை ஒவ்வொன்றும் அறுத்துக் கட்டிய எலும்பை இரண்டு பக்கமும் இழுக்கும் வேலைகள். எட்டாவது வாரத்தில் ஒருநாள், ஓடுவதற்கல்ல, மழை தூறியதால் சைக்கிளை விறாந்தைக்குள் எடுத்துவைக்க ஸ்ராண்டிலிருந்து தள்ளினேன். நெஞ்சின் நடுவில் ‘டக்’ என்று ஒன்று நகர்ந்தது. அன்றிரவு முழுவதும் நித்திரை இல்லை. நல்லவேளையாக எலும்பு விலகியிருக்கவில்லை. ஆயினும் மூன்று மாதக் கணக்கை அந்த நாளிலிருந்து சில வாரங்கள் நீட்டிக்கொண்டோம். உங்களுக்கு நெஞ்சில் அப்படி ஏதேனும் நகர்வதாகவோ உரசுவதாகவோ தோன்றினால், அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம்.

ஏழாவது வாரத்திலிருந்து இயன்மருத்துவப் பிரிவில், ஒரே இடத்தில் நிற்கும் பயிற்சிச் சைக்கிளில் ஏற்றினார்கள். முதல் நாள் ஐந்து நிமிடம். என்னையறியாமலே ஹாண்டிலை இறுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, “அண்ணை, பிடிச்சு இழுக்காதேங்கோ. கையைச் சும்மா வையுங்கோ, காலால மட்டும் உழக்குங்கோ” என்றார் இயன்மருத்துவர். அந்தச் சொல்லைத்தான் வீதியிலும் பிடித்துக்கொண்டேன். வீதிக்கான முதல் சைக்கிளாக, மனைவி ஓடும் பார் இல்லாத லுமாலாவை எடுத்தேன். சீற்றைச் சற்றுத் தாழ்த்தி, இரண்டு காலும் நிலத்தில் படும்படி வைத்துக்கொண்டேன். ஹாண்டிலை உயர்த்தி நிமிர்ந்து இருந்தால் உடல் பாரம் கைகள் வழியாக நெஞ்சுக்கு வராது. சக்கடமான ஒழுங்கைகளை முதல் மாதம் முற்றாகத் தவிர்த்தேன். ஸ்ராண்டில் ஏற்றாமல் மதிலில் சாத்திவைத்தேன். காற்றடிப்பதைச் சந்தியிலுள்ள சைக்கிள் கடையில் விட்டுவிட்டேன். அதை இன்றும் அங்கேதான் செய்கிறேன்.

இரண்டாவது, விழுகை. உங்களுக்கு வைத்தது இயந்திர வால்வா, விலங்குத் திசுவாலான வால்வா என்று நீங்கள் எழுதவில்லை. இயந்திர வால்வு என்றால், குருதி உறைவதைத் தாமதப்படுத்தும் வார்ஃபரின் மாத்திரை வாழ்நாள் முழுவதும் உண்டு. திசு வால்வுக்குப் பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குத்தான். குருதி உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு என் வால்வுக்கு 2.5 இலிருந்து 3.5 வரை இருக்கவேண்டும். வார்ஃபரின் எடுக்காத ஒருவருக்கு அது 1 அளவில் இருக்கும் என்பதை நினைத்துப்பார்த்தால், எங்கள் குருதி உறைய எவ்வளவு தாமதமாகும் என்பது விளங்கும். வால்வில் குருதி கட்டியாக உறையாமல் காக்கும் அதே மருந்து, விழுந்தால் உள்ளே கசியும் குருதியையும் நிற்கவிடாது.

2023 ஆவணியில், கோண்டாவில் பக்கம் ஒரு ஒழுங்கையில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது, நாய் ஒன்று வேலிக்குள்ளிருந்து பாய்ந்து முன்சில்லில் மோதியது. இடப்பக்கமாகச் சரிந்தேன். முழங்கையில் சிறு உரசல். தொடையில் ஒரு தட்டு. தலை எதிலும் படவில்லை. எழுந்து சைக்கிளிலேயே வீட்டுக்கு வந்தேன். பின்னேரம் வலித்தபோது அருகிலிருந்த ஒரு மருந்துக்கடையில் மாத்திரை கேட்டேன், டைக்ளோபெனாக் தந்தார்கள். வார்ஃபரின் எடுக்கிறீர்களா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் விடியும்போது இடுப்பிலிருந்து முழங்கால்வரை தொடை கத்தரிக்காய் நிறமாகியிருந்தது. வைத்தியசாலையில் அந்த மாத்திரையை உடனே நிறுத்தினார்கள். டைக்ளோபெனாக், இபுபுரோபென் போன்றவை வார்ஃபரினோடு சேரும்போது குருதிக்கசிவைக் கூட்டும், வலிக்குப் பனடோல், அதுவும் அளவோடு, என்றார்கள். நிறம் மாறி மறைய மூன்று வாரங்களுக்கு மேல் சென்றன. அடிபட்டது தொடை என்பதால் இவ்வளவோடு போயிற்று. தலையில் பட்டிருந்தால், எழுந்து நடந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் நேரே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்; உள்ளே மெல்லக் கசிந்து மணித்தியாலங்கள் கழித்து வெளிப்படலாம்.

ஆகவே தலைக்கவசம் இல்லாமல் படலையைத் தாண்டாதீர்கள். எங்கள் ஊரில் சைக்கிளுக்குத் தலைக்கவசம் போடுபவர்கள் மிகக் குறைவு. பார்ப்பவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். சட்டைப் பையில் உங்கள் பெயரும், வால்வின் வகையும், வார்ஃபரின் அளவும் எழுதிய அட்டை ஒன்று இருக்கவேண்டும். இருட்டில் ஓடாதீர்கள். ஐ.என்.ஆர். கூடியிருக்கும் வாரத்தில் சைக்கிளை எடுக்கவே வேண்டாம். முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும் ஒருநாள் நிறைய, பிறகு பத்து நாள் ஒன்றுமில்லை என்று சாப்பிட்டால், கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைப்பதால் ஐ.என்.ஆர். அளவு ஏறி இறங்கும். கீரையை விலக்கத் தேவையில்லை, ஒரே சீராகச் சாப்பிட்டால் போதும்.

இதயத்தின் உழைப்புக்கு வருகிறேன். எங்கள் குடாநாட்டில் மலை இல்லை. ஆனால் வைகாசியிலிருந்து புரட்டாதிவரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று இருக்கிறது. நீங்கள் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போக, எதிரே 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வந்தால், நெஞ்சில் மோதுவது 35 கிலோமீற்றர் வேகக் காற்று. நேற்று ஐந்து கிலோமீற்றர் ஓடினேன், இன்று ஆறு என்று தூரத்தைக் கணக்கிட்டால், காற்று மாறிய ஒருநாளில் அந்தக் கணக்கு உங்களை ஏமாற்றிவிடும். கையில் கட்டும் நாடித்துடிப்புக் கடிகாரத்தையும் முழுமையாக நம்பமுடியாது. இதயத் துடிப்பைத் தணிக்கும் பிசோப்ரோலோல் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு, எவ்வளவு களைத்தாலும் துடிப்பு ஓரளவுக்கு மேல் ஏறாது. எனக்குக் கைகொடுத்தது பேச்சுத்தான். சிறுவயதில் மனப்பாடமான ஒரு தேவாரத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே உழக்குவேன். ஓரடியை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. அடியின் நடுவில் மூச்சு எடுக்கவேண்டி வந்தால் வேகத்தைக் குறைப்பேன்; சொல்லவே முடியாவிட்டால் இறங்கி நிற்பேன். எதிர்க்காற்றில் நடந்து தள்ளிக்கொண்டு வந்த நாட்களும் உண்டு.

முதல் வாரம் வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினேன். தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவேண்டும். வேகமாக வந்து சட்டென்று இறங்கினால் தலை சுற்றும். சித்திரை, வைகாசி வெய்யிலில் காலை ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுவேன். நீர் போவதற்கான மாத்திரை எடுப்பவர் என்றால் வியர்வையும் அதுவும் சேர்ந்து மயக்கம் தரக்கூடும். எனக்கு, வைத்தியரைக் கேட்டு, அந்த மாத்திரையை ஓடி முடித்த பின் எடுப்பதாக மாற்றிக்கொண்டோம். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். சிலருக்கு அதற்கும் கட்டுப்பாடு உண்டு.

நெஞ்சு திறக்காமல், தொடை நாடி வழியாக வால்வு வைத்தவர்களுக்கு எலும்புக் கணக்கு பொருந்தாது. அவர்கள் இதைவிட விரைவாகத் திரும்புகிறார்கள். யாராக இருந்தாலும், துடிப்பு ஒழுங்கற்று ஓடினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கால் வீங்கி நிறை இரண்டொரு நாளில் ஏறினாலோ ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரைப் பார்க்கவேண்டும். காரணம் தெரியாத காய்ச்சல் சில நாட்கள் நீடித்தாலும் அப்படியே. கிருமி வால்வில் தங்கியிருக்கக்கூடும், குருதிப் பரிசோதனைக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி எதையும் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். வாய் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

உங்கள் வீட்டாரின் பயத்தைத் தட்டிவிடாதீர்கள். “தம்பி, போதுமடா, ஓட்டோவில போ” என்று அம்மா மாதக்கணக்கில் சொன்னார். அவரை ஒருநாள் கிளினிக்குக் கூட்டிச்சென்று வைத்தியர் வாயாலேயே கேட்கவைத்தேன். அதன் பிறகு, தலைக்கவசம் எங்கே என்று மட்டும் கேட்கிறார். நீங்களும் யாரையாவது கூட்டிச்சென்று, எலும்பு பொருந்திவிட்டதா, என் ஐ.என்.ஆர். சீராக இருக்கிறதா, எக்கோவில் இதயத்தின் பலம் எப்படி என்ற மூன்றையும் அவர்கள் முன்னிலையில் கேளுங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், கடலுக்குக் குறுக்கே போகும் பண்ணைத் தாம்போதியால் மண்டைதீவுச் சந்திவரை போய்வருகிறேன். சோளகக் காலத்தில் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. களைப்பதற்கு முன் கடினமான பாதி முடிந்துவிடும். இரவில் படுக்கையில் கேட்கும் வால்வின் ‘டிக் டிக்’ ஓசை, அந்தக் கடற்காற்றில் எனக்குக் கேட்பதே இல்லை. அப்பாவின் ராலேக்கும் திரும்பிவிட்டேன். மகளைக் கரியரில் ஏற்றிக்கொண்டு ஓடுவதை மட்டும் இன்னும் தொடங்கவில்லை. அடுத்த எக்கோ மாசி மாதம். அன்று அதைக் கேட்கவேண்டும் என்று கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் அவளே எழுதி வைத்திருக்கிறாள்.