எட்டுப்பட்டைப் பேனா: மூடியும் உடம்பும் நேராக நிற்காவிட்டால்?

கேள்வி: எபொனைட் என்ற கெட்டி ரப்பரில் கையால் கடைந்த எட்டுப்பட்டைப் பேனா ஒன்றை இணையத்தில் ஆர்டர் கொடுத்து வாங்கினேன். திருகி மூடினால் மூடியின் பட்டையும் உடம்பின் பட்டையும் ஒரே கோட்டில் வரவில்லை. விற்றவரைக் கேட்டால் "கைவேலை என்றால் அப்படித்தான்" என்கிறார். திருப்பிக் கொடுக்க முடியுமா? - வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் ஒரு சின்னச் சோதனை. மூடியைப் பேனாமேல் வைத்து, கழற்றுகிற திசையில் மெல்லத் திருப்புங்கள். ஒரு சுற்றுக்குள் எத்தனை முறை 'டக்' என்று இறங்குகிறதோ, மரைக்கு (திருகுப் புரிக்கு) அத்தனை தொடக்கம், அதாவது மூடி பிடித்து ஏறக்கூடிய இடங்கள். இந்த வகைப் பேனாக்கள் பலவற்றில் மூன்று இருக்கும். சீக்கிரம் மூடித் திறக்கத்தான் அந்த ஏற்பாடு.

சிக்கலும் அங்கேதான். மூன்று தொடக்கம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 120 டிகிரி இடைவெளி. எட்டுப் பட்டைக்கு 45 டிகிரி. இரண்டும் ஒத்துப்போகாது. ஒரு தொடக்கத்தில் பட்டைகள் சேர்ந்தால், மற்ற இரண்டிலும் 15 டிகிரி விலகித்தான் நிற்கும். ஆகவே மூன்றிலும் மூடிப் பாருங்கள். ஒன்றிலாவது நேராக வந்தால் பேனாவில் குறையில்லை. எந்தப் பட்டையோடு எது சேர்கிறது என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றிலும் விலகினால் அது செய்தவரின் குறை. மூடியை உடம்போடு திருகி இறுக்கி, ஒரே துண்டாக வைத்துப் பட்டை வெட்டியிருந்தால் இது வந்திருக்காது. பட்டைப் பேனாவுக்கு நாம் கூடுதல் காசு கொடுப்பதே அந்த நேர்கோட்டுக்குத்தான். அதற்குக் 'கைவேலை' என்பது சமாதானம் ஆகாது. நல்ல கைவேலைக்காரர்கள் அப்படிச் சொல்லவும் மாட்டார்கள்.

சரிசெய்வதும் பெரிய வேலையில்லை. மூடி ஒரு முழுச் சுற்றுக்கு 2.4 மி.மீ. இறங்குகிறது என்று வையுங்கள். 15 டிகிரி கூடுதலாகத் திரும்ப 0.1 மி.மீ. இறங்கினால் போதும். ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம்தான் அது. மூன்று தொடக்கத்தில் ஒன்று நேராக வர அதைவிடக் குறைவாகவே திரும்ப வேண்டும்; மூடி வந்து உட்காரும் விளிம்பில் அந்த அளவுக்கு மட்டும் சீவித் தரச் சொல்லுங்கள்.

மறுத்தால், 2020-ஆம் ஆண்டு மின் வணிக விதிகள் உங்கள் பக்கம். பொருளில் குறை இருந்தாலோ விளம்பரத்தில் காட்டியபடி இல்லாவிட்டாலோ, விற்றவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. விற்பனைப் பக்கத்தில் பட்டை நேராக நிற்கும் படம் இருந்தால் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: பட்டைப் பேனா விற்பவரிடமே உருண்டைப் பேனா பாதி விலைக்குக் கிடைக்கிறது. பட்டைக்கு மட்டும் இவ்வளவு கேட்பது நியாயமா? - வாசகர், மதுரை

பதில்: வேலை ஒழுங்காக இருந்தால் நியாயம்தான். உருண்டைப் பேனாவை லேத் (கடைசல் எந்திரம்) சுழலச் சுழலக் கடைந்துவிடலாம். பட்டைக்கு லேத்தை நிறுத்த வேண்டும். பேனாவோடு சேர்ந்து திரும்பும் 24 துளையுள்ள தட்டில் மூன்று துளைக்கு ஒரு முறை பூட்டி, ஒவ்வொரு பட்டையாக வெட்ட வேண்டும். அப்புறம் கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, பட்டை பட்டையாகக் கையால் தேய்க்க வேண்டும். ஏழு பட்டை நன்றாக வந்து எட்டாவது கொஞ்சம் ஆழமாகிவிட்டால் அந்தப் பேனா போச்சு.

பேனாச் சுவரின் கனத்தையும் கேளுங்கள். 14 மி.மீ. உருளையில் ஆறு பட்டை வெட்டினால் ஒவ்வொன்றின் நடுவிலும் ஏறத்தாழ 0.94 மி.மீ. போய்விடும், எட்டில் 0.53, பன்னிரண்டில் 0.24 மட்டும். இத்தாலியில் போலோன்யா நகரத்து ஓமாஸ் நிறுவனம் 1930களிலேயே பன்னிரண்டு பட்டையில் பேனா செய்தது. மெலிந்த சுவருள்ள பேனாவில் நேரடியாக மை ஊற்றி எழுதினால், கைச்சூடு சீக்கிரம் உள்ளே போய், காற்று விரிந்து நிப்பில் மை சொட்டலாம்.

ராஜமுந்திரி, திருவள்ளூர் போன்ற ஊர்களில் இன்னும் கையால் கடைகிறார்கள். நேரில் போக முடிந்தால் போங்கள். பேனாவை டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து மெல்ல உருட்டுங்கள். பட்டைமேல் ஓடும் வெளிச்சக் கோடு முனைவரை நேராக இருக்க வேண்டும். நெளிந்தால் தேய்ப்பு சரியில்லை. பட்டைகள் எல்லாம் வால் முனையில் ஒரே புள்ளியில் கூடுகின்றனவா என்றும் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கேள்வி: ஜன்னலோரம் வைத்த கறுப்புப் பேனா பழுப்பாகிவிட்டது. போலிச் சரக்கா? - வாசகர், ஓசூர்

பதில்: இல்லை. எபொனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெயிலும் ஈரமும் பட்டால் நிறம் மாறும். மேல்தோலைத் தேய்த்தால் கறுப்பு திரும்ப வரும். ஆனால் உங்களுடையது பட்டைப் பேனா என்றால், துணிச் சக்கரத்தில் வைத்து மெருகேற்ற விடாதீர்கள்; விளிம்புகள் மழுங்கிவிடும். கண்ணாடிமேல் வைத்துக் கையால் தேய்த்துத் தரச் சொல்லுங்கள்.