தோட்ட அறைக்கு வெயில் சூடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தோட்ட அறையைப் பற்றியவை. வீட்டிலிருந்து தள்ளி தோட்டத்தில் ஒரு சின்ன அறை கட்டி, அதையே அலுவலகமாக வைத்திருப்பவர்கள், குளிர்காலத்தில் வெயிலைக் கொண்டே அதைச் சூடாக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். அதற்கான கருவிதான் சோலார் ஏர் ஹீட்டர்: கண்ணாடி மூடிய ஒரு பெட்டி, உள்ளே கறுப்புத் தகடு. ஃபேன் அறைக் காற்றைக் கீழ்த்துளை வழியாகப் பெட்டிக்குள் ஓட்டி, மேல்துளை வழியாகச் சூடாக அறைக்குத் திருப்பும். கீழே ‘பெட்டி’ என்று சொல்வதெல்லாம் இதைத்தான். ஆனால் எழுதும்போது அறையின் நீளம், அகலம், உயரம், சுவர் எதனால் ஆனது, ஜன்னல் எவ்வளவு பெரியது என்பதையெல்லாம் எழுதுங்கள். பாதிப் பேர் எழுதுவதில்லை.

கேள்வி: என் அறைக்கு எத்தனை சதுர மீட்டர் சோலார் ஏர் ஹீட்டர் போட வேண்டும்?

கடிதமே இவ்வளவுதான். அறை எவ்வளவு பெரியது என்று தெரியாமல் நான் என்ன சொல்ல? பொதுவாகச் சொன்னால், நன்றாக இன்சுலேஷன் (சூடு வெளியேறாமல் தடுக்கும் அடைப்பு) செய்த அறைக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு போதும். 12 சதுர மீட்டர் அறைக்கு 2 சதுர மீட்டர் பெட்டி. நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 500 வாட் கிடைக்கும். இன்சுலேஷன் இல்லாத அறை என்றால் அடுத்த பதிலை முதலில் படியுங்கள்.

கேள்வி: 3க்கு 4 மீட்டர் பலகை அறை. 4 சதுர மீட்டரில் பெட்டி செய்து மாட்டியிருக்கிறேன். மதியம் இதமாக இருக்கிறது. வெயில் இறங்கிய கால் மணி நேரத்தில் பழையபடி குளிர்கிறது. பெட்டியில் என்ன கோளாறு சார்? இன்னும் 2 சதுர மீட்டர் சேர்க்கலாமா?

பெட்டியில் கோளாறே இல்லை. அறையில்தான் கோளாறு. எனக்கு வரும் பத்துக் கடிதங்களில் ஆறு இந்தக் கடிதம்தான். பெட்டிக்கு ஒரு மாதம் உழைக்கிறார்கள், சுவருக்கு ஒரு நாள் ஒதுக்குவதில்லை.

கணக்கைப் பாருங்கள். உங்கள் அறையின் உயரத்தை 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து 58 சதுர மீட்டர் வரும். வெறும் பலகை ஒவ்வொரு சதுர மீட்டரிலும், ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும், 2.5 வாட் அளவுக்குச் சூட்டை வெளியே விடும். வெளியே 5 டிகிரி, உள்ளே 20 என்றால் 2,200 வாட் போகிறது. இடுக்குகள் வழியாக இன்னும் 400, 500 வாட். உங்கள் பெட்டி உச்சி வெயிலில் கொடுப்பதே 2,000 வாட்தான். வெயில் இருக்கும்வரை ஏதோ ஈடுகொடுக்கிறது. காற்றுக்குச் சூட்டைப் பிடித்து வைக்கும் சக்தி மிகக் குறைவு. அறையில் இருக்கும் காற்று மொத்தத்தையும் ஒரு டிகிரி ஏற்ற 10 வாட் மணி போதும். அது இறங்குவதும் அதே வேகத்தில்தான்.

இப்போது அதே அறைக்குச் சுற்றிலும், மேலும் கீழும், 100 மில்லிமீட்டர் ராக் வூல் (பாறையை உருக்கிச் செய்யும் பஞ்சு) வைத்து, இடுக்குகளையும் அடைத்துவிடுங்கள். இழப்பு 450 வாட்டுக்கு வந்துவிடும். ஜன்னலுக்குத் தனியாக ஒரு 100, 150 சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வைத்திருப்பதில் பாதிப் பெட்டியே போதும்.

வேலையை இடுக்குகளிலிருந்து தொடங்குங்கள். காற்று வீசும் நாளில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, கதவு நிலை, ஜன்னல் ஓரம், சுவரும் தரையும் சேரும் மூலை என்று மெதுவாகக் கொண்டுபோங்கள். நேராக எழும் புகை எங்கே சட்டென்று படுத்துக்கொள்கிறதோ அங்கே ஓட்டை. அப்புறம் கூரை, தரை, கடைசியாகச் சுவர். ராக் வூலுக்கு முன்னால், அறைப் பக்கமாக, ஆவி புகாத பிளாஸ்டிக் தாள் ஒன்றை இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மூச்சிலிருந்து வரும் ஈரம் உள்ளே போய்க் குளிர்ந்து, பலகையை உளுத்துப்போகச் செய்யும். இதையெல்லாம் முடித்த பிறகும் குளிர்ந்தால் எழுதுங்கள், பெட்டியைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: பெட்டிக்குள் பின்பக்கம் தெர்மாகோல் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். ஃபேன் நின்று வெயில் அடித்துக்கொண்டிருந்தால் பெட்டிக்குள் 100 டிகிரியைத் தாண்டும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஜெனிவாவைச் சேர்ந்த ஹொராஸ் டி சோசூர், கறுப்புத் தக்கை பதித்த மரப்பெட்டியை மூன்று அடுக்குக் கண்ணாடியால் மூடி, வெறும் வெயிலில் அந்தச் சூட்டைத் தொட்டிருக்கிறார். தெர்மாகோல் 80 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். நான் முதன்முதலில் செய்த பெட்டியை ஒரு கோடைக்குப் பிறகு திறந்தபோது, தகட்டுக்குப் பின்னால் இருந்த தெர்மாகோல் பாதியாகச் சுருங்கி மஞ்சளாகக் கிடந்தது. தீப்பிடிக்கும் பொருளும்கூட. ராக் வூல் வையுங்கள். கறுப்புப் பெயின்ட் அடித்த பெட்டியை நாலைந்து நாள் வெயிலில் காயவிட்டு, வாடை போன பிறகே அறையோடு இணையுங்கள்.

கேள்வி: இரவில் குழாயிலிருந்து குளிர்காற்று வருகிறது. ஃபேன் அணைந்துதான் இருக்கிறது.

இரவில் பெட்டி குளிர்ந்து, அதற்குள் இருக்கும் காற்று கனத்துக் கீழ்த்துளை வழியாக அறைக்குள் இறங்குகிறது. அறையின் சூடான காற்று மேல்துளை வழியாகப் பெட்டிக்குப் போகிறது. பகலில் சேர்த்ததை இரவு முழுக்க வெளியே கொட்டுகிறீர்கள். துளையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டி, ஒருபக்கம் மட்டும் திறக்கும் மடலாகத் தொங்கவிடுங்கள். ஃபேன் ஓடும்போது அது திறக்கும், நின்றதும் மூடிக்கொள்ளும்.

கேள்வி: காற்று வெதுவெதுப்பாகத்தான் வந்தது. ஃபேன் வேகத்தைக் குறைத்தேன். இப்போது 60 டிகிரி காட்டுகிறது. நல்லதுதானே?

இல்லை. தகடு எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு சூடு கண்ணாடி வழியாக வெளியே போகும். வெதுவெதுப்பான காற்று நிறைய வருவதுதான் லாபம். ஒரு சதுர மீட்டர் பெட்டிக்கு மணிக்கு 60 கன மீட்டர் காற்றாவது ஓட வேண்டும். அறைக் காற்றைவிட 20, 25 டிகிரி கூடுதலாக வந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். தெர்மாமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கேள்வி: காற்றுக்குப் பதில் தண்ணீர் ஓடும் தகடு நல்லதா?

பகலில் மட்டும் உட்காரும் அறைக்குக் காற்றே போதும். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரிந்து குழாயை வெடிக்கவைக்கும். வானம் தெளிவாக இருக்கும் இரவில், காற்று உறைநிலைக்கு மேலே இருந்தாலும் தகடு உறையலாம். உறைதடுப்பு திரவம் ஊற்றுவதானால் ப்ரொப்பிலீன் கிளைகால் மட்டும். எத்திலீன் கிளைகால் விஷம்.

கேள்வி: மாலை நேரத்துக்குச் சூட்டைச் சேமித்து வைக்க வழி உண்டா?

உண்டு. 200 லிட்டர் டிரம்முக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, தண்ணீர் நிரப்பி, வெயில் விழும் ஜன்னலுக்கு உள்ளே நேராக நிறுத்துங்கள். 10 டிகிரி ஏறி இறங்கினால் 2.3 யூனிட் சூடு கிடைக்கும். 450 வாட் இழக்கும் அறைக்கு ஐந்து மணி நேரம். அடைக்காத அறைக்கு ஒரு மணி நேரம்கூட வராது. கண்ணாடிக்குப் பின்னால் கனமான கறுப்புச் சுவர் வைத்துச் சூட்டைச் சேமிக்கும் முறைக்கு அமெரிக்கரான எட்வர்ட் மோர்ஸ் 1881இலேயே காப்புரிமை வாங்கினார். பிரான்சின் ஒடெய்யோவில் ஃபெலிக்ஸ் ட்ரோம்ப் 1967இல் அப்படியே வீடு கட்டினார். டிரம் 200 கிலோவுக்கு மேல் கனக்கும். தரைப் பலகை தாங்குமா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

கேள்வி: எந்தச் சாய்வில் வைப்பது?

குளிர்காலத்துக்கு, உங்கள் ஊர் அட்சரேகையோடு 15 டிகிரி கூட்டுங்கள். நிலநடுக்கோட்டைப் பார்த்து இருக்க வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து ரொம்பத் தள்ளி இருப்பவர்கள் சுவரிலேயே செங்குத்தாக மாட்டிவிடலாம்; கோடையில் அளவுக்கு மீறிச் சூடாகாது.

கேள்வி: தொடர்ந்து மூன்று நாள் மேகமூட்டம் என்றால்?

ஒன்றும் வராது. ஒரு சின்ன மின்சார ஹீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். சுவரை அடைத்திருந்தால் 500, 600 வாட் போதும்.