எறிவதைத் தடுக்க நின்றால், ஓடிவருபவனை யார் பிடிப்பது?

தம்பி, இண்டியானாபொலிசுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலக நண்பர் வீட்டுக்கு அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்க்க அழைக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எறியப்படும் பந்தை அவ்வளவு அழகாகத் தடுக்கும் அணி, ஒருவன் பந்தை அணைத்துக்கொண்டு நடுவே ஓடிவரும்போது மட்டும் ஏன் வழிவிட்டு நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, பழைய கார், பனிக்காலக் காலணி, இட்லி அரிசி விற்கும் கடை என்று நான்கு கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்ல இங்கே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. காலணியை மட்டும் நவம்பருக்கு முன்பே வாங்கிவிடுங்கள். முதல் கேள்வியை இத்தனை ஆண்டுகளில் நம்மவர் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை என்பதால், அதற்கு மட்டும் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வந்தது 2006 அக்டோபரில். கார் இல்லை, குளிருக்கேற்ற மேலங்கி இல்லை, வாரக்கடைசியில் பேச ஆளும் இல்லை. டிசம்பர் 10 அன்று மேலாளர் வீட்டு நிலவறையில் நம் ஊர் கோல்ட்ஸ் அணி ஜாக்சன்வில்லில் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கப் பத்துப் பேர் கூடியிருந்தோம். பத்து வெற்றி, இரண்டு தோல்வி என்ற நிலையில் அணி இருந்தது. வாய் திறந்து ஏதாவது பேசினால்தான் கூட்டத்தில் ஒருவனாகலாம் என்ற பதற்றத்தில், காலையில் செய்தித்தாளில் படித்ததை வைத்து, "எறிந்து முன்னேறுபவர்களைத் தடுப்பதில் நம் அணிதான் முன்வரிசையில் இருக்கிறது" என்று பெருமையாகச் சொன்னேன். யாரும் பதில் சொல்லவில்லை. ஒருவர் வறுவல் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். அன்று ஜாக்சன்வில்லின் ஜாகுவார்ஸ் அணி பந்தைச் சுமந்து ஓடியே 375 யார்டு கடந்தது. ஆட்டத்தை 44–17 என்று வென்றது. ஓடியே போய்ச் சேர முடிகிறபோது எவனாவது பந்தை எறிவானா? எறிவதைத் தடுக்கும் பட்டியலில் ஓர் அணி உயரத்தில் நிற்பதற்கு அதன் திறமை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. எதிராளிகளுக்கு எறிய வேண்டிய தேவையே வராமல் போனதும் காரணமாக இருக்கலாம். உங்களுக்கு என் முதல் எச்சரிக்கை இதுதான்: அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வாய் திறக்காதீர்கள்.

அன்றிரவு என்னைக் காரில் கொண்டுவந்து விட்டவர் எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டில் இருந்த முதியவர், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, தன் சமையலறை மேசையில் உட்காரவைத்துச் சட்டைப்பையிலிருந்த சில்லறையைக் கொட்டினார். ஐந்து சென்ட் நாணயத்துக்கு நிக்கல் என்று பெயர். பின்வரிசைக் காவலர்கள் வழக்கமான நால்வருக்குப் பதிலாக ஐவர் நின்றால் அந்த அமைப்புக்கும் அதுவே பெயர். ஆறாவது ஆளும் வந்தால் பத்து சென்ட் நாணயத்தின் பெயரால் அது டைம். இரண்டு நாணயங்களையும் அருகருகே வைத்து, "எது சிறியது?" என்று கேட்டார். மதிப்பில் பெரிய டைம்தான் உருவத்தில் சிறியது. "ஆட்டமும் அப்படித்தான். எறிவதைத் தடுக்க ஆள் கூடக்கூட, நிற்பவர்கள் சிறுத்துப்போவார்கள்" என்றார்.

அதன் பிறகு நிலக்கடலைகளை வரிசையாக அடுக்கினார். தாக்கும் அணியில் முன்னே நின்று முட்டித் தள்ளுபவர்கள் ஐவர், பெரும்பாலும் நூற்று நாற்பது கிலோ ஆட்கள். பக்கத்தில் டைட் எண்ட் எனப்படும் இன்னொருவனும் சேர்ந்தால் ஆறு. தடுக்கும் அணியில் முன்வரிசைக்குச் சற்றுப் பின்னே நிற்கும் லைன்பேக்கர் எனப்படும் நூற்றுப்பத்துக் கிலோ ஆளை எடுத்துவிட்டுத் தொண்ணூறு கிலோகூட இல்லாத காவலனை நிறுத்துகிறோம். சேஃப்டி எனப்படும் கடைக்காவலர் இருவரையும் நீண்ட எறிவுக்கு அஞ்சிப் பத்துப் பன்னிரண்டு யார்டு பின்னே தள்ளி வைக்கிறோம். எஞ்சி முன்னே நிற்பவர்கள் ஆறோ ஏழோதான். அறுவருக்கு அறுவர் என்றால் ஒவ்வொருவனையும் முட்ட ஒருவன் இருக்கிறான். ஓடுபவனைத் தொட ஆளே மிஞ்சவில்லை, கடைக்காவலன் இறங்கிவரும் வரை. இதைத்தான் நீங்கள் வழிவிட்டு நிற்பதாகப் பார்க்கிறீர்கள். லைன்பேக்கரைத் திட்டும் கூட்டத்தோடு சேர்ந்து நீங்களும் திட்டாதீர்கள். குறை பெரும்பாலும் அவனிடம் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது.

நம்மவர்கள் இதைக் கேட்டவுடன், கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டில் ஆட்களை நிறுத்திவிட்டு ஒற்றை ஓட்டம் கொடுப்பது போலத்தானே என்பார்கள். ஓரளவுக்குச் சரிதான். ஆனால் அங்கே ஓவர்கள் தீர்ந்துகொண்டே போகும். இங்கே நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு கடந்துவிட்டால் மறுபடியும் நான்கு முயற்சி புதிதாகக் கிடைக்கும். அந்த ஆண்டு கோல்ட்ஸ் ஓர் ஓட்டத்துக்குச் சராசரியாக ஐந்து யார்டுக்கு மேல் கொடுத்தது. இரண்டு முறை ஓடினால் பத்து யார்டு முடிந்தது. எறிந்த பந்து பிடிபடாமல் விழுந்தால் கடிகாரம் நிற்கும், ஓட்டத்துக்குப் பிறகோ பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே கோல்ட்ஸின் பெய்டன் மானிங் போன்ற எறிவாளன் உங்களிடம் இருந்தாலும், அவர் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் நேரம் இருக்கும். (இங்கே இருபது ஆண்டு வாழ்ந்தும், காலால் உதைக்காத ஆட்டத்துக்கு எதற்குக் கால்பந்து என்று பெயர் என்பதைத் தாண்டி நகராதவர்கள் இருக்கிறார்கள். மானிங்கின் பதினெட்டாம் எண் சட்டையை மட்டும் அணிந்து வந்து, ஆட்டம் முழுக்க வீட்டு விலையும் கிரீன் கார்டும் பேசுவார்கள். நீங்கள் அந்த மூலையில் போய் உட்காராதீர்கள்.)

வேகமாகப் பாய்ந்து எறிவாளனை வீழ்த்துவதற்கென்றே இரு முனைகளிலும் நின்ற டுவைட் ஃப்ரீனியும் ராபர்ட் மேதிசும் கோல்ட்ஸின் பெருமை. ஆனால் அவர்கள் வெளிப்பக்கமாகச் சுற்றிப் பாய்ந்த மறுகணம், பாய்ந்த இடத்தில் ஒரு கதவு திறந்துகிடக்கும். ஓட்டக்காரன் அதற்குள் நுழைந்துவிடுவான். சரி, எறிவதையாவது முழுமையாகத் தடுக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. கோல்ட்ஸின் பயிற்சியாளர் டோனி டங்கியின் முறையில் நடு லைன்பேக்கர் பின்னோக்கி ஓடி மைதானத்தின் நடுவைக் காக்க வேண்டும். முன்னே ஓட்டத்தில் அடிவாங்கிக்கொண்டிருப்பவன், எதிரணி ஓடுவது போல் ஒரு பாவனை காட்டினால் போதும், ஓரடி முன்னே வந்துவிடுவான். பந்து அவன் தலைக்கு மேலே போகும்.

இவ்வளவும் தெரிந்தும் டோனி டங்கி போன்ற பயிற்சியாளர் ஏன் அப்படி ஓர் அணியைக் கட்டினார்? அது ஒரு பந்தயம், தம்பி. மானிங் முதலில் புள்ளி குவிப்பார், பின்தங்கிய எதிரணி வேறு வழியில்லாமல் எறியத் தொடங்கும், அப்போது ஃப்ரீனி பாய்வார். முன்னிலையில் இருக்கும்வரை அந்த அமைப்பு ஒரு கோட்டை. முன்னிலை இல்லாத நாளில் அது வெறும் சிறிய ஆட்கள் கூட்டம். 1991 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுல் எனும் இறுதிப்போட்டியில் நியூயார்க் ஜயன்ட்ஸின் தடுப்பாட்டத்தை வகுத்த பில் பெலிச்செக், பஃபலோவின் எறிவை அடைக்க ஓட்டத்தைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தார். பஃபலோவின் தர்மன் தாமஸ் 135 யார்டு ஓடினார். இருந்தும் ஜயன்ட்ஸ் 20–19 என்று வென்றதற்குக் காரணம், அவர்களுடைய தாக்குதல் அணி நாற்பது நிமிடத்துக்கு மேல் பந்தைத் தன்னிடமே வைத்திருந்ததுதான். அதுவும் எதிரணி புள்ளிக்காக உதைத்த கடைசி உதை வலப்பக்கம் விலகிப்போன பிறகுதான் நிச்சயமானது.

நான் வந்த அந்தக் குளிர்காலத்தில் கோல்ட்ஸுக்கும் ஒரு மாற்றம் வந்தது. வழக்கமான பருவத்தில் நான்கே ஆட்டங்கள் ஆடியிருந்த பாப் சாண்டர்ஸ், ஐந்தடி எட்டங்குல உயரமே உள்ள கடைக்காவலர், காயம் ஆறித் திரும்பினார். பின்னே நிற்க வேண்டியவர் ஓட்டத்தின் வாசனை தெரிந்தவுடன் முன்னே வந்து மோதினார். எண்ணிக்கையில் குறைந்த அந்த ஒரு தலை கிடைத்துவிட்டது. நாக் அவுட் சுற்றின் முதல் ஆட்டத்தில் கன்சாஸ் சிட்டியின் ஓட்டக்காரர் லாரி ஜான்சனுக்குக் கிடைத்தது 32 யார்டு.

2007 பிப்ரவரி 4 அன்று, மயாமியில் கொட்டும் மழையில், சூப்பர் பவுலில் கோல்ட்ஸுக்கு எதிரே நின்றது சிகாகோ பேர்ஸ். அதன் பயிற்சியாளர் லவி ஸ்மித் முன்பு தம்பா பே அணியில் டங்கியிடம் பணியாற்றியவர். அதே பாடம், அதே அமைப்பு. மானிங்கின் நீண்ட எறிவுக்கு அஞ்சி அவருடைய கடைக்காவலர்கள் ஆழத்தில் நின்றார்கள். நான் அன்று மேலாளர் வீட்டுக்குப் போகவில்லை. முதியவரின் சிறிய தொலைக்காட்சி முன்னே, அவர் கொடுத்த பழைய கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் அணிகள் வரிசையில் நிற்கும்போது விரலை நீட்டிச் சிகாகோவின் முன்வரிசையில் தலைகளை எண்ணினார். "ஆறு" என்பார், கோல்ட்ஸின் டொமினிக் ரோட்ஸ் ஓடுவார். மூன்றாம் பகுதியில், நான் எண்ணிச் சொல்லும்படி அவர் சைகை காட்டினார்.