அத்திவாரம் வெட்டுமுன்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீட்டோடு இரண்டு அறையும் உள்ளுக்கு ஒரு மலசலகூடமும் சேர்த்துக் கட்ட இருக்கிறோம். திட்ட வீடுதானே, பிரதேச சபையிடம் போகத் தேவையில்லை என்கிறார் மேசன். காணி பெமிற் (அரச காணிக்கான அனுமதிப் பத்திரம்) காலமான அப்பாவின் பெயரில் இருக்கிறது.
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: மேசன் சொல்வது தவறு. திட்டத்தில் கட்டிய 550 சதுர அடிக்கும் நீங்கள் இனிச் சேர்க்கும் பகுதிக்கும் தொடர்பில்லை. புதிதாகக் கட்டுவதானாலும் இருக்கிற கட்டடத்தோடு சேர்ப்பதானாலும் முதலில் வரைபடம் அனுமதிக்கப்பட வேண்டும். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் முதல் அப்படித்தான். நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்திய பகுதியென்றால் அதன் ஒழுங்குவிதிகளும் சேரும். இரண்டுக்கும் விண்ணப்பம் கொடுக்கும் வாசல் பிரதேச சபைதான்.

ஆனால் உங்கள் வேலை சபையில் தொடங்கவில்லை, பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் தொடங்குகிறது. பெமிற் அப்பாவின் பெயரில் இருக்கும்வரை விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க உங்களுக்கு உரித்தில்லை. மரண சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றோடு போய்ப் பின்னுரித்தை, அதாவது அப்பாவுக்குப் பின் காணி யாருக்கு என்பதை, பதிவித்துக்கொள்ளுங்கள். அம்மா உயிரோடிருந்தால் முதலில் அவரின் உரித்துத்தான் பார்க்கப்படும். கட்டுவதற்குப் பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதத்தையும் அப்போதே கேளுங்கள். வன்னியில் கோப்புகள் மாதக்கணக்கில் கிடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பழி மட்டும் சபைக்கு.

அடுத்தது வரைபடம். சபையில் பதிவுள்ள படவரைஞரைப் பிடியுங்கள். அவர் வீட்டை மட்டும் கீறித் தந்தால் வாங்காதீர்கள். காணியின் நான்கு எல்லை, வீதி, உங்கள் கிணறு, *பக்கத்துக் காணிகளின் கிணறுகள்*, மலக்குழி எல்லாம் தூரத்தோடு இருக்க வேண்டும். உள்ளுக்கு மலசலகூடம் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் பார்ப்பது அந்தத் தூரத்தைத்தான். கிணற்றுக்கும் ஊறுகுழிக்கும் (கழிவுநீர் மண்ணுக்குள் ஊறும் குழி) இடையில் 50 அடி என்பது வழக்கில் உள்ள கணக்கு. இடம் இருந்தால் 60 அடி விடுங்கள், கேள்வியே வராது. எங்கள் பக்கத்தில் மாரியில் கிணற்று நீர் மேலே வந்துவிடும். ஆகவே ஊறுகுழியின் அடி, மாரி நீர்மட்டத்துக்குக் குறைந்தது 4 அடி மேலே நிற்க வேண்டும். கோடையில் வெட்டிப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். அடியில்லாமல் கொங்கிறீற் வளையங்களை இறக்கிவிட்டு அதை மலத்தாங்கி என்று காட்டுவதும் நடக்கிறது. தாங்கி என்றால் அடி பூசி அடைத்திருக்க வேண்டும், நடுவில் தடுப்பு வேண்டும், தெளிந்த நீர் மட்டும் ரீ குழாயால் ஊறுகுழிக்குப் போக வேண்டும்.

அறைகளுக்கு வெளிச்சக் கணக்கு உண்டு. யன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஏழில் ஒன்று. அதில் பாதியாவது திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 10க்கு 12 அறை என்றால் 120 சதுர அடி, யன்னலுக்கு 17 சதுர அடிக்குச் சற்று மேல். கடையில் ஆயத்தமாக வாங்கும் 4க்கு 4 யன்னல் ஒன்று 16தான், போதாது. 5க்கு 4 போடுங்கள். விறாந்தைக்கோ ஹோலுக்கோ திறக்கும் கதவு இந்தக் கணக்கில் சேராது.

ஒரு தொழில்நுட்பக் குறிப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய அத்திவாரம் இறங்கி உட்கார்ந்துவிட்டது, புதியது இனித்தான் இறங்கும். இரண்டு சுவரையும் பல்வைத்து, கல்லோடு கல் கோத்துக் கட்டினால் அடுத்த மாரிக்குள் மூலையில் வெடிப்பு ஓடும். அரை அங்குல இடைவெளி விட்டு, பழைய அத்திவாரத்தின் ஆழத்துக்கே புதியதையும் கொண்டுபோங்கள். மேலே தட்டடித்து மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அந்த வீடுகளின் சுவர் கூரையைத் தாங்கக் கட்டியது. பொறியியலாளரின் உறுதிப்படுத்தல் இல்லாமல் எந்தத் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் அதில் கையெழுத்து வைக்கக் கூடாது.

கேள்வி: ஏ9 வீதியோரம் எங்கள் வேலிக்குள்ளேதான் கடைக்கு அத்திவாரம் போட்டோம். அனுமதி எடுக்கவில்லை. இப்போது நிறுத்தச் சொல்லி அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள்.
- வாசகர், மாங்குளம்

பதில்: வேலையை இன்றே நிறுத்துங்கள். அறிவித்தலுக்குப் பிறகு வைக்கும் ஒவ்வொரு கல்லும் உங்களுக்கு எதிரான சாட்சி. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவின்படி என்றால், குறைந்தது ஏழு நாள் அவகாசம் தந்து, அதன் பிறகு நீதவான் நீதிமன்றத்தில் இடித்தகற்றும் கட்டளை கேட்கலாம்.

வேலி உங்களுடையதுதான், ஆனால் அளவு வேலியிலிருந்து இல்லை. ஏ, பி தர வீதிகளில் கட்டட எல்லை பொதுவாக வீதியின் *நடுக்கோட்டிலிருந்து* 50 அடி. உங்கள் வேலி நடுக்கோட்டிலிருந்து 33 அடியில் நின்றால், சொந்தக் காணிக்குள்ளேயே 17 அடிக்கு நிரந்தரக் கட்டடம் எழுப்ப முடியாது. நாடாவைப் பிடித்து அளந்து பாருங்கள். அத்திவாரம் எல்லைக்குப் பின்னால் என்றால் தப்பலாம்: வரைபடத்தோடும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் நிறைவேற்றுப் பொறியியலாளரிடம் பெற்ற கடிதத்தோடும் சபைக்குப் போய், தண்டக் கட்டணம் கட்டி அனுமதி கேளுங்கள். முன்னால் என்றால் அந்தப் பகுதியைக் கிளப்பத்தான் வேண்டும். யாரையும் பிடித்து அலையாதீர்கள், வீதி அகலிக்கும்போது இழப்பீடும் கிடையாமல் போகும்.

கேள்வி: வயல் காணியில் இரண்டு பேர்ச் மட்டும் மண் நிரவி வீடு கட்டலாமா? குளத்தின் அலைகரை (குளம் நிறையும்போது நீர் ஏறி நிற்கும் கரை) பக்கத்தில்தான்.
- வாசகர், செட்டிகுளம்

பதில்: 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வயலை நிரப்ப முடியாது, இரண்டு பேர்ச் என்றாலும். அலைகரை ஒதுக்கில் கட்டும் எண்ணமே வேண்டாம். மேட்டுக்காணி பாருங்கள்.

கேள்வி: வீடு முடிந்து மூன்று வருடம். வங்கி சீ.ஓ.சி. கேட்கிறது. அனுமதித்த வரைபடத்தில் இல்லாத போர்ட்டிகோ ஒன்று முன்னால் இருக்கிறது.
- வாசகி, வவுனியா

பதில்: சீ.ஓ.சி. என்பது அனுமதித்தபடியே கட்டியிருக்கிறது, குடியிருக்கலாம் என்று சபை தரும் சான்று. அதைப் பெறாமல் குடிபுகுவதே விதிப்படி சரியில்லை. போர்ட்டிகோ கட்டட எல்லைக்குள் இருந்தால், இப்போது உள்ளபடி திருத்திய வரைபடம் கீறிக் கொடுத்து அதற்கு முதலில் அனுமதி வாங்குங்கள், பிறகு சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். எல்லையைத் தாண்டியிருந்தால் தூணைக் கழற்றாமல் காரியம் நடக்காது.

மறுத்தால் வாய்ச்சொல்லோடு திரும்ப வேண்டாம், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடலாம். 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.