இழுக்கறது லேசர் இல்ல

அன்புள்ள சார்,
ரத்த சிவப்பணு எந்தளவுக்கு வளைஞ்சு குடுக்குதுன்னு லேசர் வச்சு அளக்கறாங்கன்னு படிச்சேன். லேசர் பட்டா அணு வெந்துடாதா? ஹீமோகுளோபின் நார்மலா இருந்தா இந்த டெஸ்ட் எதுக்கு?
ஒரு வாசகர்

வணக்கம்,

லேசர் அணுவ ஒண்ணும் பண்றதில்லங்க, அந்த அளவுக்கு அதுல பவர் இல்ல. ஒரு கப்புக்குள்ள ஒரு உருளை, நடுவுல ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளி, அதுல பிசுபிசுப்பான திரவத்துல துளி ரத்தத்த கலந்து ஊத்தி வெளிக் கப்ப சுத்த விடுவாங்க, கப்ப ஒட்டின திரவம் ஓடும், உருளைய ஒட்டினது நிக்கும், நடுவுல மாட்டற அணு இழுபட்டு நீளும். தேனை ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சா அந்த இழுவை கைக்கே தெரியும். லேசர் குறுக்க பூந்து போய் திரையில ஒரு உருவத்த காட்டுது, அவ்வளவுதான். ஸ்கூல்ல படிச்ச விளிம்பு விளைவுதான் இது, சின்னப் பொருளோட ஓரத்துல பட்டு ஒளி வளைஞ்சு விரியறது.

கப் மெதுவா சுத்தறப்ப திரையில வட்டம். வேகம் ஏற ஏற அது முட்டை மாதிரி நீளும். அணு படுக்கையா நீண்டா திரையில ஒளி செங்குத்தா நீளும், ஏன்னா குறுகலான பக்கம்தான் ஒளிய அதிகமா விரிக்கும், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். நீளத்துல அகலத்த கழிச்சு, ரெண்டோட கூட்டுத்தொகையால வகுப்பாங்க. வட்டம்னா 0, நீளம் அகலத்த விட மூணு மடங்குன்னா 0.5. மார்செல் பெஸ்ஸிஸ், நார்லா மோகன்தாஸ்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1975ல வெளியிட்ட முறை, எக்டாசைட்டோமெட்ரின்னு பேரு.

ஹீமோகுளோபின் பத்தி கேட்டது நல்ல கேள்வி. 8 மைக்ரான் அணு மண்ணீரல்ல சுமார் 1 மைக்ரான் இடுக்குல நுழைஞ்சு வரணும், 120 நாள் வாழ்க்கைல திரும்பத் திரும்ப. விறைச்ச அணு அங்கயே மாட்டி அழிஞ்சுடும். எலும்பு மஜ்ஜை ஓவர்டைம் பாத்து புதுசு புதுசா அனுப்பிட்டா ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட நார்மலாவே இருக்கும், உள்ள நடக்கற அழிவு அந்த நம்பர்ல தெரியவே தெரியாது. பரம்பரையா வர்ற ஸ்பீரோசைட்டோசிஸ்ல அணு மேல்தோல இழந்து உருண்டையாகிடும், பாதி ரொம்பின பை எப்படியும் மடங்கும், முட்ட ஊதின பலூன் மடங்குமா? அங்க முட்டை சரியா நீளாது.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, இந்த டெஸ்ட்ல வர்ற நம்பர் ஆயிரக்கணக்கான அணுக்களோட சராசரி. அணு அரிவாள் மாதிரி ஆகிடற சிக்கிள் செல் நோய்ல நீளற அணுவும் நீளாத அணுவும் கலந்திருந்தா முட்டையும் வட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து திரையில சாய்சதுரம் மாதிரி தெரியும். அப்படித் தெரிஞ்சா அந்த ஒத்த நம்பர வச்சு எதுவும் முடிவு பண்ணக்கூடாது.