கியரிலேயே ஸ்டார்ட் ஆகும் மாஸி 135

வணக்கம் தம்பி. சுங்கை சிப்புட்டில் வாங்கிய பழைய மாஸி பெர்குசன் 135 டிராக்டர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடுகிறது, கியரில் இருக்கும்போதே ஸ்டார்ட்டும் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டாவதை முதலில் கவனியுங்கள். ஹை-லோ லிவர் (வேக, மெதுவான கியர் வரிசையைத் தேர்ந்தெடுக்கும் லிவர்) நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும், அதற்கென்றே ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறது. யாரோ அந்த சுவிட்சைத் தவிர்த்து நேராக ஒயர் இழுத்திருக்கிறார்கள். கீழே நின்று சாவியைத் திருப்பினால் பின்சக்கரம் ஆள் மேலேயே ஏறிவிடும். அது சரியாகும்வரை பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

நின்றுபோவதற்கு எனக்கு டீசல் வழிமேல்தான் சந்தேகம். சுவிட்சைச் சரிசெய்து ஓட்டும்போது, அடுத்த முறை நின்றவுடன் டீசல் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, ஊசியால் குத்தினாலே போதும். இல்லையென்றால், டீசல் வழியில் தண்ணீர்க் குழாயைக் கம்பியால் முறுக்கி மாட்டியதாகச் சொன்னீர்களே, அதுதான் காரணமாக இருக்கும். அந்த ரப்பர் டீசலில் ஊறி உப்பி, உள்ளே உரிந்து வழியை அடைக்கும். டீசலுக்கான குழாயும் கிளிப்பும் போட்டு, பில்டரை மாற்றுங்கள். அப்புறம் லிப்ட் பம்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் பம்ப்) கைலிவரை அடித்து, முதலில் பில்டரில், பிறகு இன்ஜெக்‌ஷன் பம்பில் (என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்ச அனுப்பும் பம்ப்), காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை காற்றை எடுங்கள்.

போல்ட் விஷயத்திலும் கவனம். அந்த வண்டியில் பெரும்பாலும் இஞ்ச் அளவு மரைதான். பழைய சொந்தக்காரர் மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்திருக்கலாம். கையால் சுலபமாகச் சுற்றாத போல்ட்டை ஸ்பானர் போட்டு இறுக்காதீர்கள், மரை போய்விடும். டேங்க் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்ன ஆனது என்று எழுதுங்கள்.