ஒரே ஆண்டில் ஐம்பது அடித்தால் ஊசியா?

கேள்வி: அமெரிக்க பேஸ்பால் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸின் வீரர் பிராடி ஆண்டர்சன் 1996-ல் 50 ஹோம் ரன் (கிரிக்கெட்டில் சிக்ஸர் போல) அடித்தார். வேறு எந்த ஆண்டிலும் 24-ஐத் தாண்டியதில்லை. தசையைப் பெருக்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டிருப்பார் என்கிறார்கள். நெருப்பில்லாமல் புகையுமா?

பதில்: இங்கே புகை என்று காட்ட அந்த 50 மட்டும்தான் இருக்கிறது. அமெரிக்காவின் முதன்மைத் தொடரான மேஜர் லீக் பேஸ்பாலில் அப்போது ஸ்டீராய்டு சோதனையே கிடையாது. ஆண்டர்சனும் குற்றச்சாட்டை மறுத்திருக்கிறார். அதே ஆண்டு ஓரியோல்ஸ் அணி மொத்தம் 257 ஹோம் ரன் அடித்து, 1961 முதல் நின்றிருந்த 240 என்ற அணிச் சாதனையை உடைத்தது. இன்னும் இரண்டு அணிகளும் 240-ஐத் தாண்டின. பந்து எல்லாருக்குமே பறந்த சீசன் அது. 1973-ல் அட்லாண்டாவின் டேவி ஜான்சன் 43 அடித்தார். மற்ற ஆண்டுகளில் 18-க்கு மேல் போனதில்லை. அதற்காக அவரை யாரும் குடையவில்லை. 1996-ல் ஓரியோல்ஸின் மேலாளர் அதே ஜான்சன்தான்!

கேள்வி: பாஸ்டன் ரெட் சாக்ஸ் வீரர் டேவிட் ஓர்டீஸ் பெயர், 2003 ஊக்கமருந்துச் சோதனையில் பாசிட்டிவ் ஆனவர்கள் பட்டியலில் இருந்ததாமே. அது போதாதா?

பதில்: போதாது. 2003 சோதனை ஒரு கணக்கெடுப்பு. பெயர் வெளிவராது என்று வீரர் சங்கத்தோடு ஒப்பந்தம். 5 சதவீதத்துக்கு மேல் பாசிட்டிவ் வந்தால் 2004 முதல் தண்டனையோடு கூடிய சோதனை தொடங்கும் என்பது ஏற்பாடு. அந்த வரம்பு தாண்டியது. அழிக்கப்பட வேண்டிய ஆவணங்களை மத்திய புலனாய்வாளர்கள் கைப்பற்றினார்கள், பெயர்கள் கசிந்தன. ஓர்டீஸ் பெயர் 2009-ல் வந்தது. எந்த மருந்து என்பது மட்டும் வரவே இல்லை. குறைந்தது பத்துப் பெயர்களாவது உண்மையான பாசிட்டிவா என்பதில் அறிவியல்பூர்வமான கேள்விகள் இருந்தன என்று 2016-ல் லீக் ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் சொன்னார். வரம்பு எப்படியும் தாண்டிவிட்டதால் அவற்றைத் தீர்க்க வேண்டிய தேவை எழவில்லை. அதே பட்டியலிலிருந்து பெயர் கசிந்த இன்னொரு வீரர் அலெக்ஸ் ரோட்ரிகஸ், மருந்து எடுத்ததைத் தாமே ஒப்புக்கொண்டார். ஒருவருடைய வாக்குமூலத்தை இன்னொருவர் கணக்கில் எழுத முடியாது.

கேள்வி: முதுகில் பரு, பெருத்த தோள்? இவை ஸ்டீராய்டின் அடையாளம் இல்லையா?

பதில்: பருவுக்கு வியர்வையும் உரசலும் போதும். அடுத்த கேள்வி.

கேள்வி: ஆய்வகம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? தவறு வருமா?

பதில்: சிறுநீரை ஏ, பி என்று இரண்டு குப்பிகளில் பிரித்து முத்திரையிடுவார்கள். ஏ பாசிட்டிவ் ஆனால் பி-யைத் திறந்து உறுதிசெய்யலாம். டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), அதை ஒத்த எபிடெஸ்டோஸ்டிரோன் இரண்டின் விகிதம் பெரும்பாலோருக்கு 1:1-ஐ ஒட்டியே இருக்கும். 4:1-ஐத் தாண்டினால் சந்தேகம். ஆனால் மரபணு வேறுபாட்டால் சிலருக்கு ஊசி போட்டாலும் விகிதம் 4-ஐத் தொடாது. மது குடித்தாலே சிலருக்கு ஏறும். அதனால் கார்பன் ஐசோடோப் சோதனை தேவைப்படுகிறது. தாவரத்திலிருந்து தயாரித்த ஹார்மோனில் கார்பன்-13 (சற்றே கனமான கார்பன் வகை) உடல் சுரப்பதைவிடக் குறைவாக இருக்கும், அது காட்டிக்கொடுத்துவிடும்.

சறுக்கல் பல நேரம் ஆய்வகத்துக்கு வெளியே நடக்கும். மில்வாக்கி அணி வீரர் ரயன் பிரானின் பாசிட்டிவ் ஆன 2011 மாதிரியை, சேகரித்தவர் உடனே அனுப்பாமல் ஏறத்தாழ 44 மணி நேரம் வைத்திருந்தார். மாதிரியைக் கையாளும் விதிமுறை மீறப்பட்டதால் 2012-ல் தண்டனை ரத்தானது. அதைக் குற்றமின்மைச் சான்றிதழ் என்று பலர் படித்தார்கள். 2013-ல் வேறு விசாரணையில் 65 ஆட்டத் தடையை ஏற்று, மருந்து பயன்படுத்தியதையும் பிரான் ஒப்புக்கொண்டார்.

கேள்வி: ஒரு வதந்தியை எப்படி எடைபோடுவது?

பதில்: முதலில் ஆண்டைப் பாருங்கள். 1998-ல் செயின்ட் லூயிஸ் வீரர் மார்க் மெக்வயரின் லாக்கரில் தென்பட்ட ஆண்ட்ரோஸ்டீன்டையோன் (உடலில் டெஸ்டோஸ்டிரோனாக மாறுவது) அன்றைக்கு பேஸ்பாலில் தடைசெய்யப்படாத பொருள். ஸ்டீராய்டு எடுத்ததை அவர் ஒப்புக்கொண்டது 2010-ல். சோர்வை விரட்டும் ஊக்கியான ஆம்ஃபெட்டமைனுக்குத் தடை வந்தது 2006-ல். வளர்ச்சி ஹார்மோனுக்கு சீசன் நடுவே ரத்தச் சோதனை 2013-ல்தான் தொடங்கியது; அதற்கு முன் "ஒரு சோதனையிலும் சிக்கவில்லை" என்பது இந்த ஹார்மோனைப் பற்றி எதையும் சொல்லாது.

பிறகு காகிதத்தைத் தேடுங்கள். லீக் அறிவித்த தடை என்றால் (2014 முதல், முதல் முறைக்கு 80 ஆட்டம்) விஷயம் முடிந்தது. பேஸ்பாலில் ஊக்கமருந்து பற்றி 2007 டிசம்பரில் வந்த மிட்செல் அறிக்கை என்றால் பெயரோடு நிறுத்தாதீர்கள். அதில் 89 வீரர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு மருந்துக்குப் பணம் கொடுத்த காசோலை நகல் உண்டு, சிலருக்கு ஒரே ஆளின் வாய்மொழி மட்டும். அந்த வீரருக்கான பத்தியில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.